விதைச் சர்க்கரை இரண்டு கிண்ணம்

சர்க்கரை ஆலையில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவளைக் கொப்பரை மேடைக்கு ஏற்றியது அவளுடைய வாய்தான். "மேல காய்ச்சுறவருக்குக் கண்ணு தெரியுதா இல்லையா? பாதி சர்க்கரை மாவா வருது" என்று மேலாளரிடமே கேட்டாள். "அப்ப நீயே போய்க் காய்ச்சு" என்றார் அவர். எரிச்சலில் சொன்னதை அவள் உத்தரவாக எடுத்துக்கொண்டாள். சில வருஷம் எடுபிடியாக நின்று தொழிலைப் பிடித்து, இன்றைக்குத்தான் தனியாகக் காய்ச்சுகிறாள். சரியாக வந்தால் மேடை அவளுக்கு. கெட்டால் மறுபடி மூட்டை ஊசி.

மூடிய கொப்பரையில் பாகு சுண்டிப் பதம் நெருங்கும்போது, ஒரு கிண்ணம் சர்க்கரைத் தூளைப் புனல் வழியாக உள்ளே விட வேண்டும். அதுதான் விதை. ஒவ்வொரு துகள் மேலும் பாகு படிந்து மணியாக வளரும். விதை கூடிப்போனால் ஒன்றும் வளராது, எல்லாம் மாவுதான்.

அவள் விதையை விட்டுவிட்டு நீராவி அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்க்க அந்தப் பக்கம் போனாள். அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் படியேறினான். ஆலை பார்க்க வருகிறவர்களுக்குக் கதை விடுவது அவன் உத்தியோகம். பின்னால் ஒரு கூட்டம், கூட்டத்தின் வாலில், இன்னும் படியிலேயே, மேலாளர். அடுத்த காய்ச்சலுக்கு வைத்திருந்த கிண்ணத்தை எடுத்து, "இப்படித்தான் விதைப்பாங்க" என்று தோரணையாகப் புனலில் கவிழ்த்தான்.

திரும்பி வந்தவள் காலிக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"ரெண்டாவதை யாரு விட்டது?"

"நான்தான். சும்மா காட்டறதுக்கு..."

"காட்டியாச்சுல்ல? இப்ப வெந்நீர் விட்டு அந்தப் பொடியைக் கரைக்கணும். மேனேஜர் இந்தப் பக்கம் வராம பாத்துக்குங்க. பேசிட்டே இருங்க."

"எவ்வளவு நேரம்?"

"கல்யாணம் ஆனதுலேருந்து நிறுத்தினதே இல்ல, இன்னைக்கு என்ன கேள்வி?"

அவன் கூட்டத்தை மேடையின் மறுகோடிக்கு ஓட்டிக்கொண்டு போனான். அவள் வெந்நீர்க் குழாயைத் திறந்தாள். வடமொழியில் சர்க்கரா என்றால் முதலில் சரளைக்கல் என்றுதான் பொருள் என்றான் அவன் அங்கே. அந்தக் கல்லைப் பாரசீகத்துக்கு அனுப்பி ஷக்கர் ஆக்கினான், அரபு நாட்டில் சுக்கர், ஸ்பெயினில் அசூகர். அவள் பாகைக் கம்பியால் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து விளக்கில் பிடித்தாள். இன்னும் தூசி. பேச்சை இன்னும் 'ஓட்டு' என்று அவனுக்குக் கையால் சைகை காட்டினாள்.

"சீனாவை வச்சு சீனின்னோம். வடக்கே கல்கண்டுக்கு மிஸ்ரின்னு எகிப்து பேரு. நம்ம கண்டு இருக்கே, அதே சொல்லுதான் ஊரெல்லாம் சுத்தி கேண்டியாச்சு. நாம அதைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குறோம்."

மேலாளர் கொட்டாவி விட்டு கொப்பரைப் பக்கம் நகர்ந்தார். அவனுக்குச் சொல்ல நாடு தீர்ந்துவிட்டது.

"அந்தக் காலத்துல ஐரோப்பாவுல சர்க்கரையைச் சுத்தம் பண்ண என்ன ஊத்தினாங்க தெரியுமா? மாட்டு ரத்தம்."

ஓர் அம்மா வாயிலிருந்த மிட்டாயைக் கைக்குட்டையில் துப்பினாள். அந்த அம்மாவைச் சமாதானப்படுத்த மேலாளரே ஓட வேண்டியதாயிற்று.

அவர் கொப்பரைக்கு வந்து சேர்ந்தபோது சில்லில் மணிகள் ஒரே அளவில் பளிச்சென்று நின்றன. நெடுநேரம் பார்த்தார்.

"பரவாயில்ல. மேடையை நீயே பாத்துக்கோ. வேற ஏதாவது வேணுமா?"

"படிக்கட்டுல ஒரு கதவு வேணும் சார். பூட்டு வச்சது."

கதவு வந்தது. உள்ளே தொழில் ரகசியம் இருப்பதாக அவள் புருஷன் அதன் முன்னால் நின்று இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.