அவுட்பாக்ஸில் கிடந்த ஜாதகம்

போன புதன்கிழமை பத்திரிகை ஆபீஸிலிருந்து உதவி ஆசிரியர் போன் செய்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"கட்டுரை எங்க சார்? பக்கம் முடிக்கணும்."

"நேத்தே அனுப்பிட்டேனே."

"வரல சார்."

"நல்லாத் தேடிப் பாருங்க."

"எல்லா எடத்துலயும் தேடியாச்சு சார். வரல."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவர் தொலைத்துவிட்டு என்னைக் கேட்கிறார்! நிரூபித்துக் காட்டுகிறேன் பார் என்று கம்ப்யூட்டரைத் திறந்தேன். அனுப்பிய மெயில்கள் இருக்கும் பகுதியில் கட்டுரையைக் காணோம். அதற்குப் பக்கத்தில் அவுட்பாக்ஸ் என்று ஒன்று உண்டு. நாம் அனுப்பச் சொல்லியும் இன்னும் போகாத மெயில்கள் அங்கேதான் தங்கும். அதில் தடித்த எழுத்தில் ஓர் எண் நின்றது... ஆறு.

என் கட்டுரை ஒன்று. நான்கு வாசகர்களுக்கு நான் எழுதிய பதில்கள் நான்கு. (அந்த நால்வரும் என்னைத் திமிர் பிடித்தவன் என்று இந்நேரம் முடிவு கட்டியிருப்பார்கள்.) எல்லாவற்றுக்கும் அடியில், இருபது நாளாக, கல்பனாவின் ஜாதகம்.



கல்பனா என் அக்கா பெண். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். சிதம்பரத்தில் வீடு; புவனகிரிப் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்கு சொல்லித் தருகிறாள். இருபத்தெட்டு வயது. மூன்று வருடமாக வரன் பார்க்கிறோம். ஏழு பேர் வந்து, பஜ்ஜி சாப்பிட்டு, ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஏழாவது ஆளுக்குப் பிறகு அவள் கல்யாணப் பேச்சையே எடுப்பதில்லை. யாராவது எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அப்படிப்பட்டவள், விருத்தாசலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து எனக்குப் போன் செய்தாள். அங்கே ஒரு பையனோடு பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசியிருக்கிறாள். பூனாவில் வேலை. நம்ம ஆட்கள்தான்.

"மாமா, இந்த எடம் எனக்குப் புடிச்சிருக்கு. அவருக்கும் புடிச்சிருக்குன்னுதான் தோணுது. அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க."

தாய்மாமனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அன்றே விசாரித்தேன். பையனின் அப்பா நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன்மையாகப் பேசினார். "பையன் பூனாவுல இருக்கான், அவனும் பாக்கணும். ஜாதகத்தையும் போட்டோவையும் மெயில்ல அனுப்பிடுங்க. பாத்துட்டு மேல பேசலாம்" என்றார்.

எங்கள் குடும்பத்தில் மெயில் என்றால் நான்தான். பத்திரிகையில் எழுதுகிறவன், வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவன்... கேட்க வேண்டுமா? அக்கா ஜாதகத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ் ஏறித் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தாள். ஸ்கேன் செய்யும் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். மஞ்சள் அழுக்கு மாதிரி விழுந்தது. "கலர்ல எடுக்கச் சொல்லுடா, பாத்தா மங்களமா இருக்கணும்" என்று மறுபடி எடுக்க வைத்தாள்.

அன்றைக்கு வியாழக்கிழமை. அக்கா வீட்டுக்காரர் சிதம்பரத்திலிருந்து போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஒன்னரைக்கு ராகு காலம். அதுக்குள்ள அனுப்பிடு."

ஒன்று பத்துக்கு பட்டனை அழுத்தினேன். ஆங்கிலத்தில் ஏதோ ஒரு சின்னப் பெட்டி குறுக்கே வந்து நின்றது. அதை மூடினேன்.

"போயிடிச்சா?"

"போயிடிச்சி மாமா."

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சரி, இருபது நாளாக அது போகவில்லை என்பது எப்படித் தெரியாமல் இருந்தது என்று கேட்பீர்கள். தீபாவளி நேரம் என்பதால் இரண்டு வாரக் கட்டுரைகளை ஆசிரியர் முன்கூட்டியே வாங்கிவிட்டார். அதனால் அந்தப் பக்கமிருந்து போன் வரவில்லை. ஜாதகத்தின் கதை வேறு. நாங்கள் பெண் வீடு.

ஐந்தாம் நாள் அக்கா வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நான் வேணா ஒரு போன் போட்டு, வந்துச்சான்னு கேட்டுடட்டுமா மாமா?"

"என்னா மச்சான் நீ! நாமளே போன் பண்ணா எறங்கிப் போன மாதிரி ஆயிடாதா? பொண்ணுக்கு என்னாவோ அவசரம்னு நெனச்சிக்குவாங்க. புடிச்சிருந்தா அவுங்களே பேசுவாங்க."

பத்தாம் நாள் அவரே சொன்னார், "இஷ்டமில்ல போல. உடு." அக்கா கிரகங்களைத் திட்டினாள். கல்பனா, எட்டாவது ஆளும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு தினமும் காலை பஸ்ஸில் புவனகிரிக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். பையன் வீட்டு நம்பர் என் செல்போனில் இருந்தது. நானும் அக்கா வீட்டுக்காரர் சொன்னதே சரி என்றுதான் இருந்தேன். பழியை அவர் தலையில் மட்டும் போட்டுவிட்டுத் தப்பிக்க மாட்டேன்.

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன். அவுட்பாக்ஸைப் பார்த்த கையோடு சிதம்பரத்துக்குப் போன் போட்டேன்.

"மாமா, மெயிலே போகல. இங்கயே கெடக்குது. இப்பவே அவுங்களுக்குப் போன் போட்டு விஷயத்தச் சொல்லிடறேன்."

 அக்கா வீட்டுக்காரர் சொன்னார்: "இருவது நாளு கழிச்சி மெயிலு போகலன்னா எவன் நம்புவான்? கத உடறோம்பான். மொதல்ல அந்த மெயில அனுப்பு. அதுல பழைய தேதி இருக்கும்ல? அதப் பாத்தா நாம அன்னிக்கே அனுப்பிட்டோம்னு அவுங்களுக்கே தெரியும்."

இதுவும் எனக்குச் சரி என்றே பட்டது! கட்டுரையை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். அது அரை மணியில் போய்ச் சேர்ந்தது. ஜாதகத்தையும் அங்கிருந்தே அனுப்பியிருக்கலாம். ஆனால் புதுத் தேதி விழுந்துவிடுமே... நம் கௌரவத்துக்கு அத்தாட்சி வேண்டாமா? பழைய தேதியோடு கிடக்கும் அதே மெயில்தான் போயாக வேண்டும். அதற்காக என் கம்ப்யூட்டரோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினேன்.

போன மாதம்தான் இன்டர்நெட் கனெக்‌ஷனை வேறு கம்பெனிக்கு மாற்றியிருந்தேன். ஸ்பீடு ஜாஸ்தி என்றார்கள். அந்தப் புதுக் கம்பெனிக்குப் போன் செய்தேன். பாட்டெல்லாம் கேட்டு முடித்த பிறகு ஒரு பெண் வந்தார்.

"உங்களுக்கு மெயில் வருதா சார்?"

"வருது. போகத்தான் மாட்டேங்குது."

"வருதுன்னா எங்க சைடு ஓகே சார். வேற எதாவது உதவி தேவையா சார்?"

வந்தது, உண்மைதான். எந்த நாட்டிலோ எனக்கு லாட்டரி விழுந்த செய்தி வந்தது. முடி வளர மருந்து வந்தது. வேண்டாதது அத்தனையும் ஒரு தடங்கல் இல்லாமல் வந்து இறங்கியது. பழைய கம்பெனிக்குப் பேசினேன். "நீங்க எங்க கஸ்டமரே இல்லையே சார்" என்று வைத்துவிட்டார்கள். மோடத்தை அணைத்துப் போட்டேன். பாஸ்வேர்டை மாற்றினேன். கலர் ஸ்கேன் பெரிதாக இருப்பதால் அடைத்துக்கொண்டதோ என்று அக்காவின் மஞ்சள் மேல்கூடச் சந்தேகப்பட்டேன். ஆனால் வெறும் நாலு வரிப் பதில்களும்தானே போகாமல் கிடக்கின்றன?

வெள்ளிக்கிழமை காலை மஞ்சக்குப்பத்திலிருந்து ஜோசப் வந்தார். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர், என் வயதுக்காரர். ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கனெக்‌ஷன மாத்துனீங்களே சார், இத மாத்தலையே? வர்ற மெயிலு எப்படின்னாலும் வந்துரும். வெளிய போறது மட்டும் இன்னும் பழைய கம்பெனி சர்வர்லயே போயி நிக்கிது. நம்ம ஆளு இல்லன்னு அவன் உட மாட்டான்."

ஒரே ஒரு வரியை மாற்றினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. கிளம்பும்போது கேட்டார், "ஒவ்வொரு தடவையும் எர்ரர் மெசேஜ் வந்துருக்குமே சார்? படிக்கலையா?"

வந்தது. ஒவ்வொரு தடவையும் வந்தது. படிக்காமல் மூடினேன். ஜனங்களுக்குப் படிக்கிற பழக்கமே போய்விட்டது என்று இதே பக்கத்தில் எத்தனை வாரம் புலம்பியிருப்பேன்!

ஜாதகம் போயிற்று. சாயங்காலமே பதிலும் வந்தது.

பையனின் அப்பா மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார். மெயில் இன்றுதான் கிடைத்ததாம். பழைய தேதியைப் பார்த்துப் புரிந்துகொண்டார்களாம். இரண்டு வாரம் காத்திருந்தார்களாம். பெண் வீட்டாருக்கு விருப்பமில்லை போலிருக்கிறது, நாமாகப் போன் செய்து கேட்டால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டார்களாம். பையன்தான் கொஞ்சம் வருத்தப்பட்டானாம். நேற்று வியாழக்கிழமை, வேறு இடத்தில் தாம்பூலம் மாற்றிக்கொண்டார்களாம். எங்கிருந்தாலும் உங்கள் பெண் நன்றாக இருக்க வேண்டும் என்று முடித்திருந்தார்.

நேற்று. அதற்கு முந்தின நாள், புதன்கிழமை, செல்போன் என் கையில் இருந்தது. நம்பரும் அதில் இருந்தது. எங்களுக்கோ தேதி முக்கியமாகப் போய்விட்டது.

நெய்வேலிக்கும் சிதம்பரத்துக்கும் பஸ் ஓடுகிறது, போன் இருக்கிறது. இரண்டு பக்கமும் நல்ல மனிதர்கள், இரண்டு பக்கமும் சம்மதம். யார் முதலில் கேட்பது என்று இரண்டு குடும்பமும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்து, ஒரு பெண்ணின் ஆசையைக் கெடுத்துவிட்டோம். கம்ப்யூட்டரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அதுவாவது ஒவ்வொரு முறையும் சொல்லிப் பார்த்தது.

சனிக்கிழமை சிதம்பரம் போனேன். அக்கா அழுதாள். அக்கா வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கல்பனா பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் அவளிடம் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அவுங்க நம்பரு உங்ககிட்ட இருந்துச்சா மாமா?"

"இருந்துச்சி."

"எங்கிட்ட குடுத்திருந்தா நானே பேசியிருப்பேனே."

பொண்ணே போன் பண்ணுவதா, ஊர் என்ன நினைக்கும்... சத்தியமாகச் சொல்கிறேன், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நிமிடத்திலும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.