கூட்டாத பொட்டல்

என் தங்கை சேதுலட்சுமி ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்று விட்டாலும் சண்டைக்கு வருவாள். திருப்பூருக்கு வேலைக்குப் போன புருஷன் திரும்பாமலே போனபோது, கைப்பிள்ளையோடு நின்றவள் அந்தப் பிள்ளையை ஆளாக்கினாள். கருவேல் மண்டிக் கிடந்த தரிசைக் குத்தகைக்கு எடுத்து, வேரைத் தோண்டிப் போட்டு, குண்டு மிளகாய் விளையவைத்தாள். கட்டுவிரியன் கடித்தும் பிழைத்தாள். பரமக்குடி மண்டியில் அவள் மூட்டையைத் திரும்பிப் பார்க்காத வியாபாரி, அடுத்த வருஷம் வீடு தேடி வந்தார். கடைசியாக, ஒரு கம்பெனியின் வாசலை வடக்கிலிருந்து மேற்குக்குத் திருப்பினாள். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் பரமக்குடியில் வாழ்க்கைப்பட்டவள். நேரில் பார்க்காததை அவளிடமும் அவள் கூட்டாளி முருகம்மாளிடமும் இரண்டு தடவை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் செங்கமடை. திருப்புல்லாணியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருக்கு வடக்கே ஒரு பொட்டல் உண்டு. மாசி, பங்குனி இரண்டு மாதமும் ஊர்ப் பெண்கள் அங்கேதான் மிளகாய் காயப்போடுவார்கள். காலையில் பரப்பி, பொழுது சாய அள்ளித் தார்ப்பாயால் மூடி, மறுநாள் திரும்பப் பரப்ப வேண்டும். செருப்புக் காலோடு யாரும் உள்ளே வரக்கூடாது. மிளகாயில் புழுதி படிந்தால் மினுக்கம் போய்விடும். மினுக்கம் போனால் வியாபாரி தொடமாட்டான்.

பொட்டலை ஒட்டிய பட்டா நிலத்தை மதுரைக் கம்பெனி ஒன்று வாங்கியது. கிரேன், ஜேசிபி, ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு விடுகிற கம்பெனி. வண்டிகளை நிறுத்தவும் பழுது பார்க்கவும் அங்கே யார்டு கட்ட வேண்டும் என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் மனுக் கொடுத்தார்கள். வரைபடத்தில் வாசல் வடக்கே, பொட்டல் வழியாக இருந்தது. மேற்கே தார் ரோடு இருக்கிறது. ஆனால் நடுவில் ஓடை. பாலம் கட்டச் செலவாகும்.

2022 பங்குனியில் இடம் பார்க்க அலுவலகத்து ஆட்கள் வந்தார்கள். அப்போது பொட்டல் முழுக்க மிளகாய் கிடந்தது. எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. வெளியாள் வந்தால் நெடி ஏறித் தும்மக்கூடாது என்று மிளகாயை அள்ளி ஓரம் கட்டிவிடுவோம். அன்றைக்கும் பெண்கள் அத்தனை மிளகாயையும் அள்ளிக் கருவேல மறைவில் மூடிவைத்து, பொட்டலைக் கூட்டி, தண்ணீரும் தெளித்து வைத்தார்கள். வந்தவர்கள் சுத்தமான பொட்டலைப் போட்டோ எடுத்துக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். ‘காலி இடம், பயன்பாட்டில் இல்லை’ என்று அறிக்கை எழுதினார்கள்.

அந்த அறிக்கையை அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபையில் வாசித்தார்கள். சேதுலட்சுமி எழுந்து, அது மிளகாய் காயப்போடுகிற இடம் என்றாள். கம்பெனி மேனேஜர் நாகேந்திரன் தன்மையாகத்தான் கேட்டார்.

“எங்கம்மா மிளகா? இப்பக்கூடப் பாத்துட்டுத்தான வர்றேன்?”

“புரட்டாசியில மிளகாய்க்கு எங்க சார் போறது? மாசியில வந்து பாருங்க. கம்பெனி வரட்டும், வேணாங்கல. வாசல மேக்க வையிங்க.”

“வாசல மாத்தணும்னா நாங்க வேற ஊருதாம்மா பாக்கணும்.”

சபை சலசலத்தது. சேதுலட்சுமிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, ரேகைதான் வைப்பாள். முன்வரிசையில் இருந்த காளீஸ்வரன் எங்களுக்கு அண்ணன் முறை. அவர் திரும்பிப் பார்த்து, “ரேகை வைக்கிற கையி, கம்பெனிக்கு வாசல் எந்தப் பக்கம்னு காட்டுதாக்கும்!” என்றார். சிரித்தவர்கள் நிறையப் பேர். சேதுலட்சுமியின் மகன் வீரமணியும் அங்கே இருந்தான். ஜேசிபி ஓட்டப் படித்துவிட்டு, இந்தக் கம்பெனி வேலையை நம்பிக் காத்திருந்தவன் அவன்.

ஆனாலும் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலிருந்து சபைக்கு வந்திருந்த அதிகாரி அம்மா ஒருவர், மாசியில் மறுபடி பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகன் குதித்தான். “ஒன் மிளகாய்க்காக என் வேல போகணுமாம்மா?”

“ஏலே, நீ ஜேசிபி படிச்ச பீசு எங்கன காஞ்சுச்சு? அந்தப் பொட்டல்லதான?”

அதன்பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வேலை கை நழுவினால் மகன் தன்னை மன்னிக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். என்னிடம் போனில் அழுதாள். அழுதுவிட்டு, “இருந்தாலும் விடமாட்டேன்க்கா” என்றாள்.

மாசியில் ஆய்வுக்கு நாள் குறித்தார்கள். கம்பெனியைச் சமாளிப்பதைவிடப் பெண்களைச் சமாளிப்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அன்று காலை முருகம்மாள் விளக்குமாற்றோடு வந்து நின்றாள்.

“ஏத்தா சேது, வந்த ஆளுகளத் தும்ம விட்டா ஊருக்குல்ல கேவலம்?”

“போன தடவ கூட்டித் தண்ணி தெளிச்சு வரவேத்தமே, என்ன எழுதுனாக? காலி எடம்னு. இன்னொருக்காக் கூட்டுனா நம்மளையும் சேத்துக் கூட்டித் தள்ளிருவாக. வெளக்குமாத்தக் கீழ போடு.”

முருகம்மாள் போட்டாள். ஒருவரும் அள்ளவில்லை. பொட்டல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் சிவந்து கிடந்தது.

அலுவலக ஜீப்பும் மேனேஜர் காரும் வடக்கு வழியாகவே வந்தன. பின்னாலேயே புழுதி எழுந்து வந்து ஓரத்து மிளகாய் மேல் இறங்கியது. நாகேந்திரன் கதவைத் திறந்தார், தும்மினார், நிறுத்தவே முடியவில்லை. அலுவலகத்து அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

“போன தடவை எடுத்த போட்டோவுல ஒண்ணுமே இல்லையே?”

முருகம்மாள் வெட்கத்தோடு சொன்னாள். “நீங்க வாரீகன்னு அள்ளிட்டோம்மா. நெடி தாங்க மாட்டீகள்ல?”

அந்த அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சேதுலட்சுமி ஓரத்தில் ஒரு மிளகாயும் நடுவில் ஒரு மிளகாயும் எடுத்து மேனேஜர் கையில் வைத்தாள். “இதுல எத வாங்குவீக சார்?” ஒன்று சாம்பல் பூத்திருந்தது. மற்றது மினுமினுத்தது. அவர் மினுமினுத்ததைக் காட்டினார். காட்டின கையாலேயே கண்ணைத் துடைத்துவிட்டார். “ஐயோ, மொகத்துல வைக்காதீக!” என்று பெண்கள் கத்தினார்கள். அதற்குள் நேரமாகிவிட்டது. மோரை ஊற்றிக் கழுவிவிட்டவளும் என் தங்கைதான்.

வண்டிகள் தார் ரோட்டுப் பக்கம் மட்டுமே போகவர வேண்டும், பொட்டல் வழியைத் தொடக்கூடாது என்று அலுவலகத்தில் நிபந்தனை எழுதினார்கள். கம்பெனி வருமா போகுமா என்பது பல வாரம் தெரியவில்லை. அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று முருகம்மாள் சொன்னாள்.

அந்த நாட்களில் ஒருநாள் வீரமணி தானாகப் பொட்டலுக்கு வந்தான். மிளகாய் தள்ளும் பலகையின் காம்பால் மணலில் ‘சேதுலட்சுமி’ என்று பெரிதாக எழுதினான்.

“இத எழுதிப் பழகும்மா. காளி மாமா இன்னொருக்கா அப்படிப் பேசக்கூடாது.”

“வேல கெடைக்காட்டி?”

“கெடைக்காட்டி ஒனக்கு மிளகா தள்றேன். எழுது.”

‘சே’யில் கொம்பு அவளுக்குப் படியவே இல்லை. மிளகாய் அள்ளிய இடத்திலெல்லாம் எழுதி எழுதிப் பார்த்தாள்.

சித்திரையில் கம்பெனி ஒத்துக்கொண்டது. ஓடையில் பாலம் கட்டக் குழாய் வந்து இறங்கியது. வீரமணியையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மேற்கு வாசல் வழியாகத்தான் இன்றைக்கும் வண்டி எடுக்கிறான்.

நிபந்தனையோடு யார்டுக்குச் சம்மதம் சொல்லும் தீர்மானத்தை மே தினக் கிராம சபையில் வைத்தார்கள். அன்றைக்கு நானும் போயிருந்தேன். கிளார்க் வழக்கம்போல மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். “தள்ளி வைங்கண்ணே, கையி அழுக்காகிரும்” என்று சொல்லிப் பேனாவை வாங்கிக்கொண்டாள். காளீஸ்வரன் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். கொம்பு கொஞ்சம் சாய்ந்திருந்தது. மற்ற எழுத்தெல்லாம் திருத்தமாக இருந்தன. கீழே தேதியையும் அவளே போட்டாள்: 1.5.2023.