காஸா சண்டையில் நான் ஜெயித்த விதம்

என் நண்பனின் மகளை நான் காட்டிக் கொடுத்தேன். பணத்துக்காக இல்லை. யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்குவாதத்தில் தோற்றுவிடுவேன் போலிருந்தது... அதற்காக.

மற்றவர்களின் பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். இந்த முறையாவது எனக்கு அவ்வளவு புத்தி இருக்கிறது.

நான் யாரென்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெஞ்சாரோம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. லோரியில் எடுபிடியாக ஏறினேன்; இன்று கிள்ளானில் என் பெயர் எழுதிய லோரிகள் ஓடுகின்றன. துறைமுக வாசலில் முத்தையா என்று சொல்லிப் பாருங்கள், வழி விடுவார்கள். எவனும் என்னைக் கைதூக்கி விடவில்லை. எல்லாம் இந்தக் கையும் இந்த வாயும் சம்பாதித்தது.

வாய் என்றேன் அல்லவா... அதைச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. லோரித் தொழிலில் ஒரு வித்தை உண்டு. வரிசையில் எவனாவது குறுக்கே புகுந்தால், வரிசையைப் பற்றிப் பேசக் கூடாது. பேசினால் அவனும் பேசுவான். அவனைப் பற்றிப் பேச வேண்டும். அவன் குடியை, அவன் குடும்பத்தை, அவன் எங்கே அடிபட்டான் என்பதை. ஆள் வாயடைத்துப் போவான்; வண்டி தானாகப் பின்னால் நகரும். இதில் என்னை மிஞ்ச ஆளில்லை. இன்றுகூட இதை எழுதும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. பார்த்தீர்களா என் யோக்கியதையை?

பள்ளியில் கூடப் படித்தவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. ஆரம்பித்தவன் நான். அதற்குத் தலைவனும் நான்தான். தட்டெழுத என் விரலுக்குப் பொறுமை கிடையாது. அந்த மைக்கை அழுத்திப் பிடித்துக் குரலாகவே போட்டுவிடுவேன். என் குரல் வந்தால் குழுவே களைகட்டும்.

சாமிநாதனும் அதில் இருந்தான். பள்ளியில் என் பக்கத்து இடத்துக்காரன். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று, பிரிக்பீல்ட்ஸில் மனைவியோடு இருக்கிறான். இந்த வயதில் என்னை 'டா' போட்டுக் கூப்பிட மிச்சமிருந்த ஒரே ஆள்.

காஸாவில் போர் வந்தது. பிறந்தநாள் வாழ்த்தும் முருகன் படமும் போட்டுக்கொண்டிருந்த குழு, ஒரே வாரத்தில் போர்க்களம் ஆகிவிட்டது. பினாங்கைத் தாண்டி எங்கும் போகாதவன்கூட ஏவுகணை பற்றி வகுப்பு எடுத்தான். ஒருவன் எங்களை 'இஸ்ரேல் வால்' என்றான். இன்னொருவன் அவனை 'மலாய் வோட்டுக்கு வால்' என்றான். நான் இஸ்ரேல் பக்கம்.

ஏன்? நீங்கள் கேட்க மாட்டீர்கள், நானே கேட்டுக்கொள்கிறேன். அந்த நாட்டைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. லோரி நிறுத்தும் இடத்துக்கு அனுமதி தராமல் கவுன்சிலில் என்னை அலையவிட்டார்கள். அந்த மலாய் அதிகாரியைத் திட்ட முடியாது. அவர் எந்தப் பக்கம் பேசுவாரோ, அதற்கு எதிர்ப்பக்கம் நான் நின்றேன். அவ்வளவுதான். எவனோ அனுப்பும் வீடியோக்களை எடுத்துப் போட்டு, மேலே என் குரலையும் போட்டேன்.

சாமிநாதன் நீளமாக, நிறுத்தி எழுதுவான். "கடத்திக்கிட்டுப் போயிட்டாங்களே, அந்த ஜனங்க வீட்லயும் அழுகைதான். இடிஞ்ச வீட்டுக்கடியில கிடக்குற பிள்ளைக்கும் அம்மா இருக்கா. நீ ஏன்டா ரெண்டுல ஒண்ணுக்குக் கைதட்டுற?" என்று எழுதினான். அதற்கு நான் ஏதோ கத்தினேன். அப்போதுதான் அவன் கேட்டான்:

"முத்தையா, காஸா எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லு. கடலோரமா, மலையா? தெரியாம எப்புடிடா இவ்ளோ சத்தம்?"

அவன் கேலியாகக்கூடக் கேட்டிருக்க மாட்டான். ஆனால் கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக விழ ஆரம்பித்தன. ஆறாம் வகுப்பு முத்தையாவைப் பார்த்து, குழுவே சிரிக்கிறது... நான் ஆரம்பித்த குழு!

அவன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் வேறொன்று இருந்தது.

சாமிநாதனின் மகள் மலர்விழி ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் வேலை பார்ப்பதாகத்தான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் அவள் ஷா ஆலத்தில் இருந்தாள். ஒரு மலாய்ப் பையனைக் கட்டிக்கொண்டு, மதம் மாறி, குழந்தையும் பெற்றிருந்தாள். சாமிநாதனின் மச்சினன்மார்கள் கடுமையானவர்கள். இன்னொரு வீட்டுப் பெண் இப்படிப் போனபோது, உயிரோடு இருப்பவளுக்குக் கருமாதி செய்ய வைத்தவர்கள். அந்தப் பயத்தில்தான் பெர்த்.

வருடத்தில் ஒரு நாள், தீபாவளிக்கு, மலர்விழி 'பெர்த்திலிருந்து' வருவாள். விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வருவது நான். அதாவது, ஷா ஆலத்துக்குப் போவேன். ஒரு காலிப் பெட்டி, கைப்பிடியில் பழைய விமானச் சீட்டுத் துண்டு தொங்கும். அவள் புருஷன் அதைத் தூக்கி வந்து என் கார் பின்னால் வைப்பான். தங்கமான பையன். "ஹாத்தி-ஹாத்தி, அங்கிள்" என்பான், பார்த்துப் போங்கள் என்று. வழியில் அவள் தலையை மூடிய தூடோங்கை அவிழ்த்து மடித்துப் பையில் வைத்துவிட்டு, என் கார்க் கண்ணாடியைத் திருப்பிப் பொட்டு வைத்துக்கொள்வாள்.

"மாமா, நேரா இருக்கா?"

"இருக்கும்மா."

பிரிக்பீல்ட்ஸில் அவள் அம்மா வாசலிலேயே நிற்பார். சொந்தக்காரர்கள் முன்னால், "பிளைட்டுல சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பார். கேட்டுக்கொண்டே அவள் தலையில் எண்ணெய் வைப்பார். அந்த ஒரு காலைக்காகத்தான் இவ்வளவு பொய்யும். வேறு யாருக்கும் சொல்லாமல் என்னிடம் மட்டும்தான் சொன்னார்கள். ஏனென்றால் முத்தையாவிடம் சொன்னால் பூட்டு போட்ட மாதிரி என்று சாமிநாதன் நம்பினான்.

நான் மைக்கை அழுத்தினேன்.

"டேய் சாமி, நீ யாருக்குடா வக்காலத்து வாங்குற? ஷா ஆலத்துல உன் மக தலைய மூடிக்கிட்டுப் புள்ள வளக்குறாளே, அதானடா காரணம்? பெர்த்தாம், பெர்த்து! வருசா வருசம் ஏத்திக்கிட்டு வந்து இறக்குறவன் நாந்தான்டா. இப்ப சொல்லு, காஸா எங்க இருக்கு?"

விரலை எடுத்தேன். போய்விட்டது.

பிறகு ஒருவன், "அண்ணே, செம அடி லா." இன்னொருவன், "பாஸ், சிங்கம்." கட்டைவிரல்கள், கட்டைவிரல்கள். எனக்கு வெட்கமாக இருந்தது என்று நினைக்கிறீர்களா? இல்லை. மனம் குளிர்ந்தது. துறைமுக வாசலில் வண்டி பின்னால் நகர்ந்த மாதிரி இருந்தது.

வெட்கம் தேநீர் ஆறிய பிறகுதான் வந்தது. அந்தக் குரலை அழித்துவிட நினைத்தேன். விலை உயர்ந்த போன் என்னுடையது. ஆனால் அதில் வரும் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரியும். அழுத்திப் பிடித்தேன், குப்பைத்தொட்டிப் படம் வந்தது, வந்த இரண்டில் ஒன்றைத் தட்டினேன். குரல் மறைந்தது. அப்பாடா என்று இன்னொரு தேநீர் போடச் சொன்னேன். யாரையாவது கேட்டிருக்கலாம். முத்தையா யாரைக் கேட்பான்?

மறுவாரம் பந்திங்கில் ரோட்டோர ஒட்டுக்கடை ஒன்றில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில், எனக்கு முன்பின் தெரியாத ஒருவரின் போனிலிருந்து நான் பேசினேன். "பெர்த்தாம், பெர்த்து!" மேசையே சிரித்தது. "யாரோ கிள்ளான் ஆளாம், கிழவன் என்னா வாய் பாரு," என்றார் ஒருவர். நான் சோற்றைப் பிசைந்தபடி குனிந்திருந்தேன். என் போனில் மட்டும்தான் அது அழிந்திருக்கிறது... ஊரில் எல்லாரிடமும் இருக்கிறது.

மச்சினன்மார்களிடமும் போயிருந்தது. அவர்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டு வாசலில் நின்று பேசிவிட்டுப் போனதை அக்கம்பக்கமே கேட்டதாம். அந்தத் தீபாவளிக்கு மலர்விழி வரவில்லை. வேண்டாம் என்று தாய்தான் சொன்னாராம். வந்தால் தன் அண்ணன்கள் வாசலிலேயே அவளைக் கேவலப்படுத்துவார்கள் என்று.

நான் போனேன். முழங்கால் வலியோடு அந்த மாடி ஏறினேன். சாமிநாதன் கதவைத் திறந்தான், உள்ளே வரச் சொன்னான், நாற்காலியையும் காட்டினான். அவன் மனைவி அறையை விட்டு வரவில்லை.

"சாமி, குழுவுல சொல்லிடுறேன்டா. குடிச்சிட்டு உளறிட்டேன், எல்லாம் பொய்யின்னு."

அவன் யோசித்துத்தான் பேசினான். "பொய்யின்னா என்ன அர்த்தம்? ஷா ஆலத்துல எனக்கு மகளும் இல்ல, பேத்தியும் இல்லேன்னு அர்த்தம். இத்தனை வருசம் நான் சொன்ன அதே பொய்ய இனி நீ சொல்லப்போறியா?"

"அப்ப உண்மைதான்னு சொல்லி மன்னிப்புக் கேக்குறேன்."

"கேளு. இதுவரைக்கும் கேக்காதவன் காதுலயும் விழட்டும்."

"குழுவைக் கலைச்சிடுறேன்."

"கலைச்சா ஏன்னு கேப்பானுங்க. ஒண்ணும் செய்யாத முத்தையா. உன்னால செய்யக்கூடியது இனி ஒண்ணுமே இல்ல." அவன் 'டா' போடவில்லை என்பதைப் படி இறங்கும்போதுதான் கவனித்தேன்.

வாழ்க்கையில் எந்தக் கதவையும் தள்ளியோ உதைத்தோ திறந்தவன் நான். இது எந்தப் பக்கம் திறக்கும் என்றே தெரியவில்லை.

அதனால் குழு நடக்கிறது. நான் தலைவனாகவே இருக்கிறேன். போர்ச் செய்தி ஏதாவது வந்தால், "சிங்கம் அண்ணே, ஒரு வாய்ஸ் போடுங்க," என்று கேட்கிறார்கள். நான் கைகூப்பும் படம் போடுகிறேன். அதையும் அடக்கம் என்று மெச்சுகிறார்கள். சாமிநாதன் விலகவில்லை, ஒரு வரியும் எழுதுவதில்லை. ஆனால் நான் எதைப் போட்டாலும், படித்தவர்கள் பெயர்களில் அவன் பெயர் முதலில் வந்துவிடுகிறது. எதற்காகப் படிக்கிறான்? மறுபடி ஏதாவது சொல்லிவிடுவேன் என்று காவல் இருக்கிறானா?

காஸா எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடிப் பார்த்துவிட்டேன். கடலோரம்தான்.

மலர்விழியின் பெட்டி இன்னும் என் கார் பின்னால்தான் கிடக்கிறது. அவள் கடைசியாக வந்த தீபாவளி முடிந்து கொண்டுபோய் விட்டபோது, "அடுத்த வருசத்துக்கு உங்கக்கிட்டயே இருக்கட்டும் மாமா," என்று அவள்தான் வைத்துவிட்டுப் போனாள். அதை எந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது? வண்டி திரும்பும்போதெல்லாம் அது உருண்டு பக்கத்தில் இடிக்கும்.

நேற்று என் மனைவி முன்னிருக்கையில் இருந்தாள். அவளுக்கும் எல்லாம் தெரியும். ரோட்டைப் பார்த்தபடியே, "அந்தப் பெட்டிய இறக்கிடக் கூடாதா?" என்று கேட்டாள்.

அடுத்த வளைவில் அது மறுபக்கம் உருண்டது.