அரை நோன்பு

எனக்கு அல்சர் வந்த கதையைக் கேட்பவர்கள் முதலில், "கொச்சிக்காய் கூடுதலாச் சாப்பிடுவீங்களோ?" என்றுதான் கேட்பார்கள். நான் உறைப்பே ஆகாத ஆள். ஒரு பொய் சொன்னேன், அந்தப் பொய்யைப் பாதி உண்மையாக்கப் பார்த்தேன். அதில் வந்த வினை இது.

வயல் சேதங்களைப் பார்வையிட்டு அறிக்கை எழுதுவது என் உத்தியோகம். ஓட்டமாவடிப் பக்கம் மாற்றலாகி வந்தபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா போய் ஒரு வருடம், மட்டக்களப்பு டவுனில் வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டுக்குப் பின்னால் தனி அறையொன்றை வாடகைக்கு எடுத்தேன். வீட்டுக்காரரை நானா என்றும் அவர் மனைவியை ராத்தா என்றும் கூப்பிட்டதோடு சரி, மேற்கொண்டு கதை கிடையாது. எனக்கு வலியப் போய்ப் பேச வராது. காலையில் அறையைப் பூட்டும்போது "போயிட்டு வாறன்" என்று பூட்டிடம் சொல்லிவிட்டுப் போகிற அளவுக்கு வந்திருந்தேன்.

நாள் முழுவதும் மோட்டார் சைக்கிளில் வட்டை வட்டையாக, வயல்வெளி முழுக்க அலைச்சல். வயல் வரம்பிலும் கிறவல் ரோட்டிலும் ஓடி முதுகு போய்விட்டது. பாமசியில் கேட்டால் கடதாசி உறைக்குள் வலிக்கான நோக் குளிசையைப் போட்டுத் தந்துவிடுவார்கள். காலையில் ஒன்று, பகல் ஒன்று. கொஞ்ச நாளில் நெஞ்சுக்குழிக்குக் கீழே ஓர் எரிவு தொடங்கியது. வயிறு காலியானால் வரும், எதையாவது தின்றால் அடங்கும். கேஸ் என்று நினைத்தேன். எங்கள் பக்கம் நெஞ்சுக்குக் கீழே எது வந்தாலும் கேஸ்தானே.

அறுவடைக் காலத்தில் நோன்பு தொடங்கியது. நோன்பு மாதத்தில் அந்த ஊரில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் திறப்பதில்லை. முதல் நாள் எனக்கு அது நினைவில்லை. பச்சைத் தண்ணீரோடு வட்டையில் சுற்றிவிட்டுப் பொழுதுபடத் திரும்பினேன். நானா கேற்றடியில் நின்றார்.

"பகல் எங்க சேர் சாப்பிட்டீங்க?"

"எங்க சாப்பிடுற? நானும் உங்களப் போல நோன்புதான்."

பகிடிக்குத்தான் சொன்னேன். ஆனால் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப வாங்க, சேந்து துறப்பம்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். விறாந்தையில் பாய் விரித்திருந்தது. பேரீச்சம்பழம், சமோசா, ஆவி பறக்கும் கஞ்சி. நானாவின் இரண்டு மகள்மாரும் எனக்கு இடம் விட்டு ஒதுங்கி இருந்தார்கள். பாங்கு சொன்னதும் எல்லாரும் ஒன்றாகக் கை நீட்டினோம். கஞ்சி உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் எரிவு அடங்கிவிட்டது. அம்மா போன பிறகு நான் இன்னொருவர் பக்கத்தில் இருந்து சாப்பிட்டது அன்றுதான்.

எழும்பும்போது ராத்தா, "நாளைக்கும் வாங்க சேர்" என்றார். நோன்பில்லை, சும்மா சொன்னேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பாயில் எனக்கு என்ன வேலை? மறுநாளும் போய் இருந்தேன்.

பொய் சொன்னேனே தவிர, பொய்யோடு நிம்மதியாக இருக்கத் தெரியவில்லை. அதனால் பகல் சாப்பாட்டை விட்டேன். காலையில் பாண் வாங்குவதையும் விட்டேன். முதுகு விடவில்லை, அதனால் குளிசையை மட்டும் விடமுடியவில்லை. பகல் அறைக்கு வந்து, கதவைச் சாத்தி, கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்து, வெறும் வயிற்றில் பால் விடாத பிளேன்டீயோடு குளிசையை விழுங்குவேன். இது அரை நோன்பு, கடவுள் பாதியாவது ஏற்றுக்கொள்வார் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். நான் மெதடிஸ்ட் கோயிலுக்குப் போகிறவன். எந்தக் கணக்கில் அவர் ஏற்பார் என்று யோசிக்கவில்லை.

எரிவு கூடக் கூட, பொழுதுபடக் குடிக்கும் கஞ்சியின் சுகமும் கூடியது. எனக்கு இருப்பது தனிமை என்கிற வியாதிதான், நாலு பேரோடு இருந்தால் தீர்ந்துவிடும் என்று உறுதியாக நம்பினேன். மூன்றாம் கிழமை மலம் தாராகக் கறுத்து, ஒட்டிக்கொண்டு, பொல்லாத நாற்றத்தோடு போனது. பேரீச்சம்பழம் கூடிப்போச்சு என்று நினைத்தேன். அது உள்ளே கசிந்த இரத்தம் என்பது எனக்கு எப்படித் தெரியும்? வரம்பில் நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. அதற்கு வெயிலைக் குற்றம் சொன்னேன்.

ஒரு நாள் பாங்குக்குச் சற்று முன் பாயில் இருக்கும்போது குளிர்ந்து வியர்த்தது. எழும்ப முதலே வாந்தி வந்துவிட்டது. கோப்பித் தூளைக் கரைத்து ஊற்றியது மாதிரி, அவர்களுடைய சுத்தமான பாயில். நானா நோன்பு துறக்கக்கூட நிற்காமல் வாகனம் பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

"நோன்பா?" என்று இளம் டொக்டர் கேட்டார்.

"ஓம் டொக்டர். சேரும் எங்களோட நோன்பு புடிக்கிற" என்றார் நானா, பெருமையாக.

"வேற மருந்து ஏதும் எடுக்கிறீங்களா?"

நானா என் கால்மாட்டில் நின்றார். மறைத்தால் உயிருக்கு ஆபத்து, சொன்னால் பாய் போய்விடும். உண்மையாகவே கொஞ்ச நேரம் யோசித்தேன், அவ்வளவு மடையன் நான்.

"நோக் குளிசை. காலையும் பகலும்."

"பகலும்? என்னத்தோட?"

"பிளேன்டீயோட."

டொக்டர் எழுதிக்கொண்டார். நானா சேலைன் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நான் வாறன் சேர்" என்று சொல்லிப் போய்விட்டார்.

மறுநாள் தொண்டைக்குள் கமரா விட்டுப் பார்த்தார்கள். இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண். குளிசை உள்தோலைக் கெடுத்திருந்தது. வயிற்றில் நெடுநாளாகக் குடியிருந்த ஒரு கிருமியும் சேர்ந்து அரித்திருந்தது. மிச்சத்தை அமிலம் பார்த்துக்கொண்டது. புண் காலி வயிற்றில் எரியும், சாப்பிட்டால் அடங்கும் என்றார் டொக்டர். தனிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு பைன்ட் இரத்தம் ஏற்றினார்கள். யாருடைய இரத்தமோ தெரியாது.

பக்கத்துக் கட்டிலில் வாகரைக் கடற்தொழிலாளி ஒருவர். அவருக்குப் புண் ஓட்டையாகவே போய், வயிறு பலகையாக இறுகி, வெட்டித் தைத்திருந்தார்கள். பார்வையாளர் நேரத்தில் அவரைச் சுற்றி ஏழு பேர் நின்றார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த வாவிப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பார்க்க வருகிறவர்கள் என் கட்டிலைத் தாண்டித்தான் போகவேண்டும், அதுதான் தாங்கமுடியவில்லை. நானா வரவில்லை.

கிருமிக்கும் அமிலத்துக்குமான குளிசைகளோடு ஐந்தாம் நாள் பஸ்ஸில் திரும்பினேன். நோன்பு முடிய இன்னும் நாலு நாள் இருந்தது. பின் கேற்றால் சத்தமில்லாமல் அறைக்குள் போய், லைட் போடாமல், வாங்கிவந்த பாணைப் பிய்த்துக்கொண்டு இருந்தேன். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"பாங்கு சொல்லப் போறாங்க. வாங்க சேர்" என்றார் நானா. "அறுவடை மெசின் வந்திட்டு, வட்டைய விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு வரக் கிடைக்கல்ல."

"நானா, நான் நோன்பில்ல."

"இண்டைக்கு மட்டுமா இல்ல?" சிரித்தார். "ரெண்டாம் நாளே தெரியும். பகலையில ஒங்கட கேத்தில் கொதிக்கிற சத்தம் ராத்தாட குசினிக்குக் கேக்கும்."

"அப்ப ஏன் சொல்லல்ல? டொக்டரிட்டயும் நோன்பு எண்டீங்க."

"மறுகா நீங்க வரமாட்டீங்களே" என்றார். "குளிசை திண்டது மட்டும்தான் தெரியாது. தெரிஞ்சிருந்தா ராத்தா பகல் சோறு அனுப்பியிருப்பா."

விறாந்தையில் புதுப் பாய் விரித்திருந்தது. என் இடத்தில், மிளகு போடாமல் எனக்கென்று தனியாகக் காய்ச்சிய கஞ்சி இருந்தது. பாங்குக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருக்க, ராத்தா கோப்பையை என் பக்கம் தள்ளி, "நீங்க பாத்துக்கொண்டிருக்க வேணாம் சேர், குடிங்க" என்றார்.

நான் பாங்கு சொல்லும்வரை காத்திருந்தேன்.