எல்சி மாடியில் சிவந்த இலைகள்

காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் நாலு மணிக்கு வேலை முடிந்ததும், எல்சி கல்மண்டபத்தில் தன் வீட்டு மொட்டை மாடிக்குத்தான் போவாள். அங்கே இருபத்திரண்டு தொட்டிகளில் கிறிஸ்துமஸ் செடி வளர்த்தாள். டிசம்பரில் அதன் மேல் இலைகள் ரத்தச் சிவப்பாகும். பார்ப்பவர்கள் பூ என்றே நினைப்பார்கள். மாதா கோயில் பீடத்துக்கு வருஷாவருஷம் இந்தச் செடிகள் ஓசூரிலிருந்து வேனில் வரும். இங்கேயே வளர்த்துக் காட்டுகிறேன் என்று எல்சிக்கு ஒரு வீம்பு. இரண்டு வருஷமாகியும் இலைகள் கீரைப் பச்சையாகவே நின்றன.

செடி விற்ற மாதவரம் நர்சரி கமாலுதீன் கையை விரித்துவிட்டார்.

"குளிர் ஊரு செடிம்மா இது. நம்ம சூட்ல செவக்காது. பேஜாராவாத."

அந்த ஜனவரியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுக்கியிருந்த செடியில் ஒரு கிளை மட்டும் சிவந்திருந்தது. அதே வெயில், அதே தண்ணீர். எல்சி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பக்கத்துக் கன்டெய்னர் யார்டின் உயர விளக்குகள் விடியவிடிய மாடியைப் பகலாக்கும். அந்த மூலைக்கு மட்டும் வெளிச்சம் வராது. மற்றவை சிவக்காததற்குக் காரணம் சூடு இல்லை, ராத்திரி வெளிச்சம்தான்.

அக்டோபர் பிறந்ததும், லாரி ஓட்டும் கணவன் ஜெரால்டிடம் பழைய தார்ப்பாய் கேட்டாள்.

"செடிக்கு இன்னாத்துக்கும்மே போர்வை?"

"தூங்கறதுக்குத்தான்."

மாலை ஐந்துக்கு மூடுவாள், காலை ஏழுக்குத் திறப்பாள். ஒரு நாள் தவறவில்லை. ஓவர்டைம் வேண்டாம் என்றாள். நாத்தனார் சாராவின் மகள் நிச்சயதார்த்தத்தில் மோதிரம் மாற்றும் முன்பே எழுந்து கிளம்பினாள்.

"மனுஷங்கள வுட செடி பெர்சா பூட்ச்சா அண்ணி?" என்ற சாரா, அப்புறம் பேச்சையே நிறுத்திவிட்டாள். எல்சிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாளும் ஐந்து மணிக்கு மாடியேறினாள்.

மழைக் காற்றில் தார்ப்பாய் பிய்ந்து மூன்று தொட்டிகள் உடைந்தன. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த ஜெரால்ட், லாரிக் கயிறு கொண்டுவந்து நாலு மூலையும் இறுக்கிக் கட்டினான்.

நவம்பர் நடுவில் இலை நரம்போரம் ஒரு சிவப்பு ஓடியது. டிசம்பரில் பத்தொன்பது செடிகளும் பற்றி எரிவதுபோல் நின்றன. கேள்விப்பட்டு வந்த கமாலுதீன் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மருந்து வச்ச?"

"ஒண்ணும் வெக்கல பாய். ராத்திரிய ராத்திரியா வுட்டேன், அவ்ளோதான்."

"முப்பது வருசமா செடி விக்கிறேன். எனக்குத் தோணலியே. ஒரு நாள் நர்சரிக்கு வந்து சொல்லிக் குடும்மா."

இருபத்துநாலாம் தேதி காலை, தொட்டிகள் பீடத்தைச் சுற்றி ஏறின. வேடிக்கை பார்த்த ஒருவர், "இந்த வருசம் ஓசூர் செடி நல்லா கீதே" என்றார்.

"இன்னா ஓசூரு? எங்க அண்ணி வளத்தது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சாராதான்.

எல்சி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள். மண் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்றாள்.