கையில் கூடையோடு ஏறும் அட்டைப் பெண்

எங்கள் கட்டடக்கலை வகுப்பில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். அவள் 'ரப்பர்'. வரைபலகையில் கோடு போடுவதைவிட அழிப்பதுதான் அதிகம். அவள் மேசைக்குக் கீழே எப்போதும் கறுப்பாய் ரப்பர் துகள் உதிர்ந்து கிடக்கும். ஒரு சுவரின் கனம் மயிரிழை தப்பினாலும் தாள் முழுக்கத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அதனாலேயே போன வருஷம் தேர்வுக்கு அவள் வைத்தது பாதி வரைந்த தாள்கள்தான். ஃபெயில். அவளுடைய தோழிகள் எல்லாம் மேல் வகுப்புக்குப் போய்விட்டார்கள். இவள் எங்களோடு மறுபடி இரண்டாம் வருஷம் உட்கார்ந்தாள். இந்தத் தடவையும் போனால் கல்லூரியில் இடம் கிடையாது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

அவளைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்தத் தேர்வு நாளில்தான். அதற்கு முன்னால் அவளுடைய ஒரு பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மாடல் செய்யும்போது கட்டடத்தின் அளவு புரிவதற்காகப் பக்கத்தில் அட்டையில் வெட்டிய ஆள் ஒன்றை நிறுத்துவோம். எங்கள் ஆட்கள் எல்லாம் ஒல்லியாக, வெள்ளையாக, கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். ரப்பருடைய ஆட்கள் மட்டும் சும்மா நிற்கவே மாட்டார்கள். ஒருத்தர் குழந்தையைத் தூக்கியிருப்பார், ஒருத்தர் சிலிண்டர் உருட்டுவார், ஒருத்தர் குடையோடு இருப்பார். கூரையை ஒட்டுவதற்கு முன் அவர்களை ஒவ்வொரு கதவிலும் நுழைத்து, ஒவ்வொரு படியிலும் ஏற்றிப் பார்ப்பாள்.

"பொம்மை விளையாட்டு ஆரம்பிச்சாச்சு" என்பான் நெட்டை. அவன் எங்கள் வகுப்பிலேயே உயரமானவன், வாயும் அதே நீளம்.

"நீ எப்படா வெறுங்கையோட வீட்டுக்குள்ள நுழைஞ்சிருக்க?" என்று திருப்பிக் கேட்பாள் ரப்பர்.

இந்த வருஷத் தேர்வுக்கு எங்களுக்கு வடிவமைக்கத் தந்தது நர்ஸுகள் தங்கும் ஒரு சின்ன மாடிவீடு. மொட்டைமாடியில் துணி உலர்த்துகிற இடம் வேண்டும். ரப்பருடைய அம்மா ஒரு லாட்ஜில் விரிப்பு, துண்டு எல்லாம் துவைத்து மாடிக்குத் தூக்கிப்போகிறவர். அதனால் தேர்வுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு அம்மாவுக்கு ஃபோன் போட்டாள். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது.

"அம்மா, உன் துணிக்கூடை எவ்வளவு அகலம்?"

"ஏன்டி, காலேஜ்ல கூடை பின்ன சொல்லித் தர்றாங்களா?"

"அளந்து சொல்லும்மா. நீ தூக்கிட்டு நிக்கும்போது, முழங்கையோட சேத்து."

"ரெண்டு கையாலயும் தூக்கினா எந்தக் கையால அளக்குறது? இருடி, ஆள் கிடைக்கட்டும், சொல்றேன்."

ஆள் கிடைத்து அளவு வந்தது தேர்வுக்கு முந்தின சாயங்காலம். மாடல் அப்போது கிட்டத்தட்ட முடிந்திருந்தது. சுவர்கள் ஒட்டியாயிற்று, ஜன்னல் விளிம்பெல்லாம் கத்தி பட்ட தடம் தெரியாமல் சுத்தம். கூரை மட்டும் பாக்கி. நாங்கள் எல்லோரும் பார்த்துப் பொறாமைப்பட்டோம், உண்மையைச் சொன்னால்.

தேர்வு அன்று காலையில் வந்ததும், அம்மாவின் உயரத்தையும் கூடையின் அகலத்தையும் மாடல் அளவுக்குச் சுருக்கி, கூடை ஏந்திய ஒரு பெண்ணை அட்டையில் வெட்டினாள். படியில் ஏற்றினாள். கீழ்ப்படிகளில் பிரச்சினை இல்லை. படி திரும்புகிற இடத்தில் முழங்கை சுவரில் முட்டியது. சாய்த்துப் பார்த்தாள், முட்டியது. பின்பக்கமாகத் திருப்பினாள், அப்போதும் முட்டியது. படி குறுகல்.

"கூரையை வை, ஒட்டு, போயிட்டே இரு" என்றான் நெட்டை. "யாரும் பார்க்க மாட்டாங்க."

"எங்கம்மா இதுல ஏற முடியாதுடா."

"உங்கம்மா அட்டை, ரப்பர்!"

"நர்ஸுங்க அட்டையா?"

நான் கெஞ்சினேன். "மத்தியானம் தேர்வு. போன வருஷம் பண்ணினதையே திரும்பப் பண்ணாதடி."

அவள் என்னைப் பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது. கட்டரை எடுத்தாள். ஸ்டீல் ஸ்கேலைச் சுவரோரம் அழுத்திப் பிடித்து, பசை பிடித்த மூலையில் கத்தியை மெதுவாக இறக்கினாள். அழகாக நின்ற சுவர் கையோடு வந்துவிட்டது.

ஆனால் வரைபடத்தின் பக்கம் போனபோது, நான் பயந்தது நடக்கவில்லை. அவள் ரப்பரைத் தொடவே இல்லை! பழைய வரைபடத்தின்மேல் கண்ணாடி மாதிரியான ட்ரேசிங் தாளை விரித்து, சிவப்புப் பென்சிலால் புதுப்படியை மட்டும் வரைந்தாள். கீழே தப்பு, மேலே திருத்தம், இரண்டும் சேர்ந்தே தெரிந்தது. அப்படித் தேர்வுக்கு வைக்க எங்களில் ஒருவர்கூடத் துணிய மாட்டார்.

பெல் அடித்தபோது புதுச்சுவர் நின்றது, பசை மட்டும் காயவில்லை. வெட்டின தழும்பு பல்லை இளித்தது. எங்களுக்கு டிசைன் சொல்லித்தரும் ஸ்டுடியோ மேடம், பரிசோதிக்க வெளியிலிருந்து ஒரு ஆர்க்கிடெக்டை அழைத்திருந்தார். அந்த ஆர்க்கிடெக்ட் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா, குடி வர்றதுக்கு முன்னாடியே ரிப்பேரா?"

எல்லோரும் சிரித்தார்கள். ரப்பரும் சிரித்தாள். "இப்பன்னா கட்டர் போதும் சார். கட்டி முடிச்சப்புறம்னா கடப்பாரை வேணும்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கூடைப்பெண்ணை இரண்டு விரலால் எடுத்தார். கீழிருந்து மாடிவரை ஏற்றினார். திரும்புகிற இடத்தில் முட்டவில்லை. மறுபடி ஏற்றினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"படிக்கு இடம் எங்கேருந்து வந்தது?"

"பக்கத்து ஸ்டோர் ரூமிலேருந்து சார்."

"அப்ப அங்கே கதவு அலமாரில இடிக்குமே?"

ரப்பர் எட்டிப் பார்த்தாள். "ஆமா சார், இடிக்குது. அதை நான் கவனிக்கலை."

சமாளித்து ஏதாவது சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் அந்தக் கதவையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். அவ்வளவுதான், போச்சு என்று நெட்டை என் காதில் முனகினான்.

சாயங்காலம் முடிவு வாசித்தார்கள். மாடலைச் செய்து முடித்த நேர்த்திக்கு அவளுக்கு வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண். கூரையே ஒட்டவில்லையே! ஆனால் பாஸ். நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது. அவள் அம்மாவைக் கூப்பிட்டு, "பாஸாயிட்டேம்மா" என்றாள். அந்தப் பக்கமிருந்து "சரி, மத்தியானம் சாப்பிட்டியா இல்லையா?" என்று குரல் உடைந்து வந்தது. சாப்பிடவில்லை என்றதும் திட்டு விழ ஆரம்பித்தது.

"வா, டீ குடிக்கலாம், நான் வாங்கித் தர்றேன்" என்றான் நெட்டை.

"நீங்க முன்னாடி போங்க" என்றாள். "அந்தக் கதவை வெளிப்பக்கமா திறக்க வெச்சா இடிக்காதுன்னு நினைக்கிறேன்."

நாங்கள் போகவில்லை. நான் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டேன், அவள் வெட்டினாள்.