எட்டாவது கல்

எங்கள் ஊர் தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் நடுவில், ரயில் பாதைக்கு மேற்கே இருந்தது. அறுபதுகளின் கடைசியில் கிணற்றை ஆழப்படுத்த அரசாங்கம் மானியம் கொடுத்தது. பாதிப் பணம் முதலில். மீதி, வேலை முடிந்து அளந்த பிறகு. அந்த மீதி மார்ச் மாதத்துக்குள் வராவிட்டால் எங்கள் கறவை மாட்டை விற்றுத்தான் பாறை உடைத்தவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். தரகர் இரண்டு முறை வந்து மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அந்த ஆளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தினமும் அதன் பாலைத் தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஊற்றிவிட்டு வந்தவள் நான்.

கிணற்றின் பழைய அடிமட்டம் எது என்று தெரிவதற்காக, பாறையில் ஒரு திட்டை வெட்டாமல் விடச் சொல்லியிருந்தார், அளந்து பில் போடும் அரசாங்க ஊழியரான கிராம சேவக். ஊற்று பிறந்ததும் அப்பா செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், ஓடிப்போய் அவரைக் கூட்டி வருவது. அப்பாவோ தலைகால் புரியாமல், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஊர் முழுக்கத் தண்ணீர் வந்த கதையைச் சொல்லித் திரிந்தார். மூன்று நாளில் திட்டு முங்கிப்போயிற்று.

மார்ச் மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை கிராம சேவக் சைக்கிளில் வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"அந்தத் திட்ட நானே கையால தொட்டுப் பாத்தாத்தான் கையெழுத்துப் போட முடியும். சாயங்காலத்துக்குள்ள ஆபீஸ்ல பில் குடுத்தாகணும். எறங்கிடறேன்" என்றார்.

அம்மா குறுக்கே வந்து நின்றாள். "கன்னிமாருக்குப் பொங்க வெக்காம புதுத் தண்ணில யாரும் கால் வெக்கக் கூடாது சார். நாளிக்கு வெள்ளிக்கெழம. நாளிக்கு வாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில், "மாடு பூட்சுன்னா உன் கன்னிமாரா வந்து பால் கறப்பாங்க?" என்று கத்தினேன்.

"வாயக் கழுவுடி!" என்றாள் அம்மா.

அந்த மனுஷர் ஞாயிறு தவறாமல் தாம்பரத்தில் சர்ச்சுக்குப் போகிறவர். 'உங்கள் பாடு' என்று சைக்கிளைத் திருப்பியிருந்தால் யார் என்ன கேட்டிருக்க முடியும்? அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பொங்கல் வெக்க எவ்வளவு நேரமாகும்மா?"

"ரெண்டு மணி நேரம் ஆவும். ஆனா இன்னிக்கு வியாழன் ஆச்சே சார்."

"நான் உக்காந்திருக்கேன். நீங்க சாமியக் கேட்டுப் பாருங்க."

அம்மா வேப்பமரத்தடிக்குப் போய், கன்னிமார் என்று நட்டிருந்த ஏழு கற்களுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து, "அவங்களுக்கு வியாழனும் வெள்ளியும் ஒண்ணுதானாம். கெவுர்மெண்டுக்குத்தான் தேதி கீதாம்" என்றவள், என்னை வெல்லம் வாங்க விரட்டினாள்.

பொங்கியதும் ஏழு கற்களுக்கும் படைத்துவிட்டு, ஓர் இலையில் அவருக்கும் எடுத்து வந்து தயங்கினாள். "சாமிக்குப் படைச்சது. சாப்புடுவீங்களா சார்?"

"நல்ல பசிம்மா" என்று கைநீட்டி வாங்கினார். இலையில் ஒரு பருக்கை மீதி இல்லை.

பிறகு அப்பாவின் பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு குதித்தார். முதல் முறை வெறுங்கையோடு வந்தார். இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை தலை வெளியே வந்ததுமே, "இருக்கு! திட்டு இருக்கு!" என்று கத்தினார். அப்பா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். கிராம சேவக் மேலே வந்து, கயிற்றில் கல் கட்டி அளந்து, குறித்துக்கொண்டு, தலை துவட்டக்கூட நில்லாமல் சைக்கிளை மிதித்தார்.

அந்த வாரமே பணம் வந்தது. தரகரை நானே வாசலோடு திருப்பி அனுப்பினேன். கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன்; அதற்கு இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

அடுத்த வருஷம் அந்த மாட்டின் பாலை ஊற்றித்தான் பொங்கல் வைத்தோம். மஞ்சள் பூசி வரிசையாக நிறுத்தியிருந்த கற்களை எண்ணினேன். எட்டு இருந்தன.

"இன்னாம்மா, ஒண்ணு ஜாஸ்தி கீது?"

அம்மா நிமிராமல் எட்டாவது கல்லுக்கும் குங்குமம் வைத்தாள். "தண்ணி குடுத்தவங்க ஏழு பேரு. மாட்டக் குடுத்தவரு அவரு. சர்ச்சுக்குப் போறவரு, சங்கடப்படுவாரு. போய்ச் சொல்லிக் கில்லித் தொலைக்காத."

நான் சொல்லவில்லை.